எண்ணப்படாத துடிப்புகள்: இதயத் துடிப்புக் கோளாறுகளும் இந்தியாவின் கணக்கும்

இமயமலைப் பழங்குடிக் கிராமம் ஒன்றில் 984 பேருக்கு ஈசிஜி எடுத்துப் பார்த்த ஆய்வு 1995இல் வெளியானது. ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்னும் துடிப்புக் கோளாறு அதில் ஒரே ஒருவரிடம் இருந்தது. சுமார் 20 ஆண்டுகள் கழித்து, குஜராத்தின் ஆனந்த் மாவட்டத்தில் 6 கிராமங்களைச் சேர்ந்த 354 பேரைச் சோதித்தார்கள். அங்கே 100க்கு 5 பேரிடம் அதே கோளாறு தென்பட்டது. ஒரே நாடு, ஒரே நோய். கணக்கு மட்டும் 50 மடங்கு மாறிவிட்டது.

மலைக்காற்று இதயத்துக்கு நல்லது என்று முடிவுகட்ட வேண்டாம். இமயமலைக் கிராமத்தில் இளைஞர்களையும் சேர்த்து, ஆளுக்கு ஒருமுறை ஈசிஜி எடுத்தார்கள். குஜராத்தில் 50 வயதைத் தாண்டியவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் கைபேசியோடு இணைந்த சிறு ஈசிஜி கருவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய், 5 நாட்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். வந்து வந்து போகும் நோயை ஒருமுறை எட்டிப் பார்த்துப் பிடித்துவிட முடியாது. பிறகு அதே மாவட்டத்தில் 50 கிராமங்களுக்கு ஆய்வை விரித்து, வயது வரம்பை 40ஆகக் குறைத்தபோது விகிதம் 1.6%க்கு இறங்கியது. யாரை, எத்தனை முறை, எந்தக் கருவியால் பார்த்தோம் என்பதைப் பொறுத்தே எண் அமைகிறது.

இந்தியாவில் துடிப்புக் கோளாறுகளின் சுமை எவ்வளவு என்று கேட்பவர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல் இது. இரண்டாவது சிக்கல் இன்னும் பெரிது: வெவ்வேறு காலத்தைச் சேர்ந்த இரண்டு நோய்களை இந்த நாடு ஒரே நேரத்தில் சுமக்கிறது. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் தீர்வு பேச முடியாது.

மூன்று வகைப் பிசகு

இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அதற்கான மின்னோட்டம் வலது மேலறையின் உச்சியிலுள்ள கணுவில் பிறந்து, மேலறைகளைச் சுருக்கி, நடுவிலுள்ள இன்னொரு கணுவில் ஒரு நொடியின் சிறு பகுதி தங்கி, பிறகு கீழறைகளுக்கு இறங்குகிறது. நடுவிலுள்ள கணுவை 1906இல் ஜப்பானின் சுனாவோ தவாராவும், மேலே உள்ளதை 1907இல் பிரிட்டனின் கீத், ஃபிளாக் ஆகிய இருவரும் விவரித்தார்கள். அந்த மின்னோட்டத்தைக் கோடாக வரைந்து காட்டிய லைடன் நகரப் பேராசிரியர் ஐந்தோவன் 1924இல் நோபல் பரிசு பெற்றார்.

பாதையில் நேரும் பிசகுகளை மூன்றாகப் பிரிக்கலாம். ஒன்று, துடிப்பு மந்தமாவது: கணு களைத்துப்போகும், அல்லது இடைவழி அடைபடும். தலைசுற்றல், மயக்கம் வரும். பேஸ்மேக்கர் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். 1958இல் ஸ்வீடனில் முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட ஆர்னே லார்சன், 2001 வரை வாழ்ந்தார். இரண்டாவது, மேலறைகளில் பிறக்கும் வேகம். இதில் பிறவியிலேயே அமைந்த ‘குறுக்குவழி’களால் இளம் வயதில் திடீரென்று படபடப்பை உண்டாக்கும் வகைகளும் உண்டு. தொடைவழியே மெல்லிய கம்பியைச் செலுத்தி அந்தக் குறுக்குவழியைச் சுட்டுவிட்டால் பெரும்பாலோருக்கு நோய் அத்தோடு தீர்ந்துவிடும். மூன்றாவது, கீழறைகளில் பிறக்கும் வேகம். திடீர் மரணம் ஒளிந்திருப்பது இங்கேதான்.

இவற்றில் நாட்டின் சுமை என்று கணக்கெடுக்கத் தக்க அளவில் பரவியிருப்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மருத்துவர்கள் சுருக்கமாக ‘ஏஎஃப்’ என்பார்கள். மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் நிமிடத்துக்கு 350 முறைக்கும் மேலாக நடுங்கும். அந்த நடுக்கத்தில் ஏதோ சில மட்டும் ஒழுங்கின்றிக் கீழறைக்கு இறங்குவதால், நாடி முன்னும் பின்னுமாக விழும். இடது மேலறையின் ஓரத்தில் காதுமடல் போன்ற ஒரு சிறு பை இருக்கிறது. அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து, கட்டியாகக் கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகரில் 1948இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, ஏஎஃப் இருந்தால் பக்கவாத அபாயம் சுமார் 5 மடங்கு என்று காட்டியது. அதே ஆய்வு, ருமாட்டிக் வால்வு நோயும் சேர்ந்திருந்தால் 17 மடங்கு என்றது. இந்தியாவைப் பற்றிப் பேசும்போது மறக்கக் கூடாதது அந்த இரண்டாவது எண்.

உலக அளவில் 2010இல் 3.35 கோடிப் பேருக்கு ஏஎஃப் இருந்ததாக ஒரு மதிப்பீடு; 2019க்கான மதிப்பீடு சுமார் 6 கோடி. இந்த ஏற்றத்தில் முதுமையின் பங்கு உண்டு, தேடிக் கண்டுபிடித்ததன் பங்கு உண்டு, கணக்கிடும் முறை மாறியதன் பங்கும் உண்டு.

இளமையில் வரும் முதியோர் நோய்

பாடப்புத்தகங்களில் ஏஎஃப் முதியோர் நோய். 47 நாடுகளில் அவசரப் பிரிவுக்கு வந்த 15,400 நோயாளிகளைத் தொகுத்த ‘ரீ-லை’ பதிவேடு அந்தப் பாடத்தைத் திருத்தியது. இந்தியா, ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு நோயாளிகள் மற்றவர்களைவிடச் சராசரியாக 10 முதல் 12 வயது இளையவர்கள். காரணமும் அதே பதிவேட்டில் இருக்கிறது: ருமாட்டிக் இதய நோய் வட அமெரிக்க நோயாளிகளில் 2.2% பேருக்கும், இந்தியர்களில் 31.5% பேருக்கும் இருந்தது. இந்திய இதயத் துடிப்பியல் சங்கம் 24 மையங்களில் 1,537 பேரைக் கொண்டு உருவாக்கிய பதிவேட்டில் நோயாளியின் சராசரி வயது 55ஐத் தொடவில்லை; ஏறத்தாழ பாதிப் பேருக்கு ருமாட்டிக் வால்வு நோய் இருந்தது.

கதை பள்ளிக்கூட வயதில் தொடங்குகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டை வலி வருகிறது. நெரிசலான வீடு, நான்கைந்து பேர் ஒரே பாயில் படுக்கை, மருந்துக் கடையில் வாங்கிய இரண்டு மாத்திரை. தொண்டை ஆறிவிடுகிறது. சில வாரங்களில் முட்டி வீங்குகிறது. அது ஒரு முட்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் பாதுகாப்புப் படை, தன் இதய வால்வையே பகையாக எண்ணித் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் இது. முட்டிவலி போய்விடும், வால்வில் விழுந்த தழும்பு போகாது. ஒவ்வொரு முறை காய்ச்சல் திரும்பும்போதும் தழும்பு தடிக்கிறது. 20, 30 வயதில் மைட்ரல் வால்வு சுருங்கிவிடுகிறது. ரத்தம் கீழே இறங்க வழியின்றி இடது மேலறை ஊதிப் பெருக்கிறது. ஊதிய சுவரில் மின்னோட்டம் சிதறுகிறது. முதல் படபடப்பு பல பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில்தான் தெரிகிறது. அப்போது உடலில் ரத்தத்தின் அளவு கூடுகிறது. குறுகிய வால்வால் அதைத் தாங்க முடிவதில்லை.

2015ஆம் ஆண்டுக்கான ஒரு மதிப்பீட்டின்படி உலகில் சுமார் 3.34 கோடிப் பேருக்கு ருமாட்டிக் இதய நோய் இருந்தது; அவர்களில் ஏறத்தாழ 1.32 கோடிப் பேர் இந்தியர்கள். காய்ச்சல் கண்ட குழந்தைக்கு 21 நாளைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசியைப் பல ஆண்டுகள் தொடர்ந்து போட்டால், வால்வு மேலும் கெடாமல் காக்கலாம். மலிவான, பழைய மருந்து. ஆனால் நோய் தெரியாத நாட்களிலும் வலிக்கிற ஊசிக்காக மூன்று வாரத்துக்கு ஒருமுறை குழந்தையை அழைத்துவருவது, தினக்கூலி போகும் தாய்க்கு எளிதல்ல. மருந்தின் விலையைவிட அந்த வருகையின் விலைதான் அதிகம்.

ஐஎன்ஆர் நோட்டு

உறைகட்டி உண்டாகாமல் தடுக்கும் மருந்து கொடுத்தால் பக்கவாதம் பெருமளவு குறையும். இந்தியாவில் வால்வு நோயாளிகள் விழுங்குவது வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால். ரத்தம் உறையும் வேகத்தை ஐஎன்ஆர் என்னும் அளவால் பார்த்து, அது 2க்கும் 3க்கும் இடையில் நிற்கும்படி மருந்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். 2க்குக் கீழே போனால் கட்டி. 3ஐத் தாண்டிப் போகப்போக ரத்தக்கசிவு.

அரசு மருத்துவமனை ஒன்றின் புறநோயாளிப் பிரிவில் காலை நேரம் நின்று பாருங்கள். ஓரங்கள் சுருண்ட நீள நோட்டு ஒன்றைப் பெண்கள் பத்திரமாகப் பிடித்திருப்பார்கள். ஒவ்வொரு வரியிலும் தேதி, ஐஎன்ஆர், அடுத்த மாதத்துக்கான மாத்திரைக் கணக்கு: திங்கள் முழு மாத்திரை, செவ்வாய் அரை. முதல் பேருந்தைப் பிடித்து வந்து, ரத்தம் கொடுத்து, மதியம் முடிவு வாங்கி, மருத்துவரைப் பார்த்துத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். ஒரு நாள் கூலி போய்விட்டது. போன மாதம் 2.4 இருந்தது இந்த மாதம் 1.5 ஆனது ஏன் என்று கேட்டால், முருங்கைக்கீரை தினமும் கிடைத்த மாதமாக அது இருக்கலாம். கீரையிலுள்ள வைட்டமின் கே இந்த மருந்தின் வேகத்தைக் குறைக்கும். கீரையே வேண்டாம் என்பதல்ல. வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் சாப்பிட வேண்டும். விலை ஏறினால் வாங்காமலும் மழைக்காலத்தில் மலிந்தால் நிறையவும் சமைக்கும் வீட்டில், அது சொல்லும் அளவுக்கு எளிதல்ல. சில கிருமிக்கொல்லி மருந்துகள் ஐஎன்ஆரை ஏற்றிவிடும். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் வார்ஃபரின் கருவைப் பாதிக்கக்கூடும். அதனால் திருமணமான பெண்ணின் நோட்டில் ஒவ்வொரு மாதமும் வேறொரு கேள்வியும் எழுகிறது.

இத்தனை தடைகளின் மொத்த விளைவு ரீ-லை பதிவேட்டில் ஒரே வரியில் இருக்கிறது: மருந்து சாப்பிடுவோரின் ஐஎன்ஆர் சரியான எல்லைக்குள் இருந்த நேரம் மேற்கு ஐரோப்பாவில் 62.4%; இந்தியா, சீனா, தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்காவில் 32 முதல் 40%.

ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய மருந்துகள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். வால்வு நோயில்லாத ஏஎஃப்புக்கு அவை பெரும் உதவிதான். உள்நாட்டு நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கிய பிறகு விலையும் இறங்கியிருக்கிறது. ருமாட்டிக் நோயாளிகளுக்கும் அவை பொருந்துமா என்று பார்க்க, 24 நாடுகளில் 4,500க்கும் மேற்பட்டவர்களிடம் ‘இன்விக்டஸ்’ சோதனை நடந்தது. அப்போது டெல்லி எய்ம்ஸில் இருந்த கணேசன் கார்த்திகேயன் அதன் முன்னணி ஆய்வாளர்களில் ஒருவர். பங்கேற்றோரின் சராசரி வயது 50.5, 72% பெண்கள். 2022இல் வெளியான முடிவு பலரின் எதிர்பார்ப்பைத் தலைகீழாக்கியது: ரிவராக்ஸபான் என்னும் புதிய மருந்தை எடுத்தவர்களைவிடப் பழைய மருந்து எடுத்தவர்களிடம் மரணம் குறைவு. ஆகவே வால்வு நோயுள்ள இந்தியப் பெண்ணின் கையிலிருந்து ஐஎன்ஆர் நோட்டு இப்போதைக்கு இறங்கப்போவதில்லை. நோட்டை எளிதாக்குவதே வழி: விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஐஎன்ஆர் சொல்லும் கருவியை ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவந்தால், முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டியதில்லை.

பின்னால் வரும் அலை

ருமாட்டிக் அலை முழுதாக வடியும் முன்பே இரண்டாவது அலை மேலே ஏறிவிட்டது. அதன் காரணங்கள் வீட்டுக்கு வீடு தெரிந்தவை. சென்னையின் மருத்துவர்கள் அஞ்சனா, மோகன் ஆகியோரின் முன்னெடுப்பில் நடந்து 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 31.5 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தமும் இருப்பதாக மதிப்பிட்டது. ஏஎஃப்பின் ஆபத்துக் காரணிகளில் மக்கள்தொகை அளவில் பெரும் பங்கு ரத்த அழுத்தத்துக்கு உண்டு. அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளித் தள்ளிக் கீழறை தடிக்கிறது. பின்னாலிருக்கும் மேலறை விரிகிறது. சுவரில் நார்த்திசு படிகிறது. வால்வு செய்த வேலையை அழுத்தம் மெதுவாகச் செய்கிறது.

இதோடு உடல் பருமன், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை நோய், மது, புகை, தைராய்டு மிகைச் சுரப்பு, மாரடைப்பு, இதயத் தளர்ச்சி ஆகியவை சேர்கின்றன. இவற்றில் பலவற்றை மாற்ற முடியும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், பருமனான ஏஎஃப் நோயாளிகள் எடையில் 10%க்கு மேல் குறைத்தபோது கோளாறு இன்றி இருக்கும் வாய்ப்பு 6 மடங்கு கூடியது. அதே நாட்டில் நடந்து 2020இல் வெளியான சோதனையில், மதுவை விட்டவர்களில் 53% பேருக்கும் விடாதவர்களில் 73% பேருக்கும் ஏஎஃப் திரும்பியது.

மாற்ற முடியாத காரணி வயது. 2011 கணக்கெடுப்பில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 கோடி, 2050இல் ஐந்தில் ஒருவர் அந்த வயதில் இருப்பார் என்கிறது கணிப்பு. கேரளம் இதை முன்கூட்டியே வாழ்ந்து பார்க்கிறது. அங்கே 53 மருத்துவமனைகளில் 3,421 ஏஎஃப் நோயாளிகளைத் தொடர்ந்ததில், ஓராண்டுக்குள் 100க்கு 16 பேர் இறந்திருந்தார்கள். ரீ-லையில் உலகச் சராசரி 11. அந்தப் பதிவேட்டில் இறந்தவர்களில் 30% பேர் இதயத் தளர்ச்சியாலும், 8% பேர் மட்டுமே பக்கவாதத்தாலும் இறந்தார்கள். உறைகட்டியைத் தடுத்துவிட்டால் போதும் என்று நிறைவடைபவர்களுக்கு இது எச்சரிக்கை.

இங்கே விடை கிடைக்காத ஒரு முடிச்சும் உண்டு. பிரிட்டனில் வாழும் தெற்காசியர்களுக்கு வெள்ளையர்களைவிட நீரிழிவும் மாரடைப்பும் அதிகம். கணக்குப்படி ஏஎஃப்பும் அதிகம் இருக்க வேண்டும், குறைவாகவே இருக்கிறது. மேலறை அளவில் சிறியது என்பது ஒரு விளக்கம். மரபணு என்பது இன்னொன்று. சரியாகத் தேடவில்லை என்பது மூன்றாவது. மேலை நாட்டு ஆபத்துக் கணக்கை நம் மக்கள்மீது அப்படியே போட்டுப் பார்ப்பது எவ்வளவு தவறாகலாம் என்பதற்கு இது ஒரு பாடம்.

நம் மண்ணின் காரணங்கள்

மேலைப் பாடநூல்களின் பட்டியலில் ஓரத்தில் நிற்பவை இங்கே நடுவுக்கு வருகின்றன. காரணம் புரியாத கீழறைத் துடிப்பு வேகத்தோடு வந்த சிலருக்கு, இதயத் தசையில் காசநோயோ, சார்க்காய்டோசிஸ் என்னும் அழற்சி நோயோ படிந்திருப்பதை ஹைதராபாத் மருத்துவர்கள் எடுத்துக்காட்டினார்கள். செந்தேள் கொட்டினால் இதயத் துடிப்பு குலையும்; மகாராஷ்டிரத்தின் மஹாட் ஊரில் மருத்துவர் பவாஸ்கர் பிரசோசின் மாத்திரையால் அந்த மரணங்களைக் குறைத்தது உலகம் அறிந்தது. யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் அரளி நஞ்சால் துடிப்பு மந்தமாகி வருபவர்களுக்குத் தற்காலிகப் பேஸ்மேக்கர் வைப்பது அவசரப் பிரிவுகளுக்குப் பழக்கமான வேலை.

மரபும் சேர்கிறது. இதயத் தசைப் புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம், துணைக்கண்டத்தில் 100க்கு 4 பேரிடம் இருப்பதாக 2009இல் அறிவிக்கப்பட்டது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு. இந்த மாற்றம் உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வந்தவர்களுக்குத் தசை தளர்ந்து துடிப்பும் பிசகலாம்.

திடீர் இதய மரணம் பற்றி நம்மிடம் உள்ள கிராம அளவிலான தரவு, இறந்தவர் வீட்டாரைக் கேட்டு எழுதிய ஆந்திர ஆய்வு. மொத்த மரணங்களில் 10.3% திடீர் இதய மரணங்கள் என்றது அது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவருக்கு ஈசிஜி எடுக்க யாரும் இல்லை. அவருடைய கடைசித் துடிப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

தேடுவது போதுமா?

கைக்கடிகாரமே இதயத்தைக் கண்காணிக்கும் காலம் இது. ஆப்பிள் நிறுவனத்தின் கடிகாரத்தைக் கட்டிய 4.19 லட்சம் அமெரிக்கர்களை ஆராய்ந்ததில், 0.52% பேருக்கு மட்டுமே எச்சரிக்கை வந்தது. வியப்பில்லை: கடிகாரம் வாங்குபவர் இளைஞர், நோய் இருப்பது அவருடைய தாத்தாவுக்கு.

தேடிக் கண்டுபிடித்தால் மட்டும் உயிர் பிழைக்குமா என்பதும் திறந்த கேள்விதான். டென்மார்க்கில் 70 வயதைத் தாண்டியவர்களின் தோலுக்கடியில் பதிவுக் கருவியை வைத்துப் பார்த்த ‘லூப்’ சோதனையில், 31.8% பேரிடம் ஏஎஃப் அகப்பட்டது. வழக்கமான கவனிப்பில் அது 12.2% மட்டுமே. ஆனால் பக்கவாதம் திட்டவட்டமாகக் குறைந்தது என்று சொல்லும்படி வேறுபாடு இல்லை. சில நிமிடமே வந்து போகும் நடுக்கத்தைத் தேடிப் பிடிப்பதால் பலன் சிறிது. நாடியைத் தொட்டாலே தெரியும் அளவுக்கு முற்றிய நோயோடு, மருந்தே இல்லாமல் நடமாடுபவர்கள் ஏராளமாக உள்ள நாட்டில் முன்னுரிமை வேறு.

அந்த முன்னுரிமைக்குப் புதிய கட்டடம் வேண்டாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பணியாளர்கள் வீடு தேடிப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். பிரிட்டனின் வழிகாட்டு நெறிகள், அழுத்தக் கருவியைக் கட்டுமுன் நாடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்கின்றன. துடிப்பு ஒழுங்கற்றிருந்தால் தானியங்கிக் கருவி தவறான அளவைக் காட்டலாம் என்பது அதற்கான காரணம். அழுத்தத்தைச் சரியாக அளக்கவாவது நாடியைப் பிடித்தாக வேண்டும். பிடித்தால் ஏஎஃப்பும் அகப்படும். அகப்பட்டவருக்கு ஒரு ஈசிஜி, உறுதியானால் எக்கோ, வால்வு நோய் இருந்தால் ஐஎன்ஆர் நோட்டு, இல்லையேல் புதிய மருந்து, இரண்டிலும் அழுத்தக் கட்டுப்பாடு. சங்கிலியின் எந்தக் கண்ணியும் புதிதல்ல. கண்ணிகள் ஒன்றோடொன்று கோக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

கோத்தால் கணக்கும் தானே கிடைக்கும். இன்று நம் பதிவேடுகள் பெரும்பாலும் மருத்துவமனை வாசலைத் தாண்டி வந்தவர்களை எண்ணியவை. தொண்டை வலியோடு மருந்துக் கடையில் நின்ற சிறுமியும், கூலி போகுமென்று ஐஎன்ஆர் நாளைத் தவறவிட்ட தாயும், படபடப்பை வயசுக் கோளாறு என்று விட்ட பாட்டியும் அவற்றில் இல்லை. மூவரும் ஒரே வீட்டில் இருக்கக்கூடும். அந்த வீட்டுக்கு மாதந்தோறும் ஒருவர் அழுத்தக் கருவியோடு போய்க்கொண்டுதான் இருக்கிறார். பட்டையைக் கட்டுமுன் அவர் இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும்.